நாற்காலிக்கு வந்தவர்

"மாஸ்டர், ரோடு முடிஞ்சிடுச்சு."

அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே பூட்டிய இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சிமென்ட் கிடங்கு. கார் அந்தக் கதவுக்கு இரண்டடி முன்னால், தேர்வில் நிறுத்துவதுபோல் நேராக நின்றிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். இது அவளுக்குப் பதினொன்றாவது வகுப்பு. பெட்ரோல் பங்கில் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பச் சொல்ல வேண்டியவர் தூங்கிவிட்டார். தான் சொல்லாமல் எங்கும் திரும்பக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே அவர் போடும் சட்டம். ஒன்பது கிலோமீட்டர் அவள் நேராகவே வந்திருந்தாள். முப்பது வருடத்தில் அந்தச் சட்டத்தை இவ்வளவு ஒழுங்காக யாரும் மதித்ததில்லை.

இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாளாம். அவர் பக்கத்து பிரேக்கின் மேல் கால் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தாளாம். இல்லை. அதற்கப்புறம்தான் பயம் வந்ததாம். பயம் வந்த பிறகு கியர் நன்றாக விழுந்ததாம். இதையெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது வகுப்பு முடியும் இடத்தில் நிறுத்தவில்லை. அவர் வீட்டு வாசல்வரை ஓட்டி வந்து, இறங்கி, அவர் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் பேருந்துக்குப் போனாள்.

மனைவி உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்தாள். கட்டிலில் அவர் பக்கம் தலையணைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு இருந்தன. காலையில் அவர் இரண்டை எடுத்து அலமாரியில் ஒளித்துவைப்பது வழக்கம். இன்றைக்கு மறந்திருந்தார்.

"தலகாணி ரெண்டுதான்னு நான் நம்பிட்டு இருக்கேன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

குடும்பத்தில் அந்த நோய்க்குக் கால் என்றே பெயர். டாக்டர்கள் சொல்லும் பெயர் வாயில் நுழையாது. பாதம் வில்லாக வளையும். முன்பாதம் தொங்கும். படியேறுகிறவர்போல் முழங்காலைத் தூக்கித் தூக்கி நடக்க வேண்டியிருக்கும். பிறகு கை விரல்கள் மெலியும், சட்டைப் பொத்தான் எதிரியாகும். நரம்பில் போகும் சேதி மெதுவாகப் போகிறது, பரம்பரையாக வருகிறது, அவ்வளவுதான் என்று விளக்கியிருந்தார்கள். பெரியப்பாவுக்குக் கால் வந்தது, அப்பாவுக்குக் கால் வந்தது, அக்காவுக்கு வந்தது, இவருக்கும் வந்தது. அதை வைத்துக்கொண்டே இவர் ஊரில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிளாஸ்டிக் பட்டை கட்டிய காலை இடுப்பிலிருந்து தூக்கி பிரேக்கில் போடுவார். மெதுவாகத்தான் போடுவார். அதனால் எதையும் முன்கூட்டியே பார்த்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. எதிரே வருகிற சைக்கிள்காரன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது அந்தச் சைக்கிள்காரனுக்கு முன்னால் இவருக்குத் தெரியும்.

காலைப் பற்றி யாரும் பயப்படவில்லை. பயம் நாற்காலியைப் பற்றியது. பெரியப்பா கடைசி வருடம் முழுக்கப் படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினார். ஐம்பத்தைந்தில் போய்விட்டார். அப்பா நாற்காலிக்கு வந்து ஒன்பது மாதத்தில் போனார். அவருக்கு ஐம்பத்துநாலு. அதிலிருந்து குடும்பத்தில் அது ஒரு நிறுத்தத்தின் பெயராகிவிட்டது. நாற்காலிக்கு வந்துவிட்டாரா என்று கேட்டால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு டாக்டரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை. வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்த பிறகு நடத்துநரிடம் என்ன கேட்பது? அத்தைக்கும் லேசாகக் கால் இருந்தது, அவள் எண்பத்தொன்று வரை இருந்தாள். ஆகவே நாற்காலி ஆண்களுக்கு மட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

இவருக்கு ஐம்பத்துநாலு ஆக ஏழு மாதம் இருந்தது. மல்லாந்து படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ வந்து உட்கார்வதுபோல் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நாற்காலியில் உட்காரக் கூடாது என்று பிடிவாதமாகத் தலையணைகளை அடுக்கினார். இரண்டு, மூன்று, நான்கு. நான்கு தலையணை என்பது துணி போர்த்திய நாற்காலிதான் என்று அவருக்கும் தெரியும். காலையில் தலைவலியோடு எழுவார். பகலில் வகுப்புகளுக்கு நடுவே காரின் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினால் அது கொஞ்சம் தேவலை. யாருக்கும் தெரியாமல் ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும் என்று தோன்றுகிற மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார். திறமைசாலிகளாகப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்து, மாஸ்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. இருபத்தாறு வருடமாக ஸ்டீயரிங்கைத் தொட விடாத மனைவிக்கு திடீரென்று வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வெளி மாணவர்களிடம் காட்டாத கடுமையை அவளிடம் காட்டினார். அவள் இரண்டு முறை நடுரோட்டில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாதம் லைசென்ஸ் வாங்கினாள். எதற்கு இந்த அவசரம் என்று அவளும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து தலையணைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளே நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வருடா வருடம் போகிற இடம்தான். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹாரன் அடிப்பதுபோல் ஒரே மூச்சில் ஊதுவார். ஒவ்வொரு வருடமும் நல்ல எண் வரும். நன்றாக இருக்கிறது என்பார்கள். நன்றாக இருக்கட்டும் என்று இவரும் வந்துவிடுவார். இந்த முறையும் அப்படித்தான் ஊதினார். எண்பத்துநாலு சதவீதம். டாக்டர் எழுதப் போனபோது மனைவி குறுக்கிட்டாள்.

"உக்காந்து நல்லாத்தான் ஊதுவாரு டாக்டர். இவரால படுக்கத்தான் முடியல."

டாக்டர் பேனாவை வைத்தார். இவர் தரையைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு மனைவி மாதக் கணக்கோடு தலையணைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னாள். அவரைப் பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்து அதே குழாயைக் கொடுத்தார்கள். ஊதினார். நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது.

டாக்டர் சின்ன வயதுக்காரி. நிதானமாகப் பேசினாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல ஒரு தசை இருக்கிறது, மூச்சை இழுப்பது பெரும்பாலும் அதுதான், அதற்குப் போகிற நரம்பும் இவருக்குச் சோர்ந்துவிட்டது என்றாள். இந்த நோயில் நிறையப் பேருக்கு அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது. நிமிர்ந்து இருக்கும்போது அந்தத் தசைக்கு வேலை சுலபம். படுத்தால் வயிறு மேலே தள்ளும், அதை எதிர்த்து இழுக்க அதனால் முடியவில்லை. இரவில் மூச்சு போதாமல் கெட்ட காற்று ரத்தத்தில் தேங்குகிறது. அதுதான் காலைத் தலைவலி, அதுதான் சிமென்ட் கிடங்கு. தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு இயந்திரம் வேண்டும். பகல் தூக்கம் தீரும்வரை கார் ஓட்டக் கூடாது, கற்றுக்கொடுக்கவும் கூடாது.

அவர் அப்பாவைப் பற்றியும் பெரியப்பாவைப் பற்றியும் சொன்னார். வயதுகளையும் சொன்னார். முதல் முறையாக ஒரு டாக்டரிடம் நாற்காலி என்ற சொல்லைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. இதேதான் இருந்திருக்கலாம். ஆனா யாரும் பாக்கல, யாரும் மெஷின் குடுக்கல. பொதுவா இந்த நோய் ஆயுளைக் குறைக்கறதில்ல. மூச்சு விஷயத்தைக் கவனிக்காம விட்டாத்தான் ஆபத்து. உங்களுக்கு இப்ப கவனிச்சாச்சு."

அவர் காதில் மெஷின் என்பது மட்டும் விழுந்தது. நாற்காலிக்கு இப்போது மின்சாரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் ஒரு இயந்திரத்தை இரவலாகக் கொடுத்து, அவருக்கான அளவைப் பதிந்து, மாட்டுவது எப்படி என்று காட்டினார்கள். காட்டிய பையனின் விரல்கள் கிளிப்புகளை டக் டக்கென்று போட்டன. இவர் முயன்றபோது ஒன்றுகூட விழவில்லை. வீட்டில் பழகிக்கொள்ளலாம் என்றார்கள். மனைவி வராந்தாவில் நின்று யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாம் என்றாள்.

நாற்பது நிமிடப் பயணம். மனைவி ஓட்டினாள். மேம்பாலத்தில் கியர் மாற்றும்போது வண்டி இருமியது. ரவுண்டானாவில் ஒரு லாரிக்கு முன்னால் நுழைந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்னதற்கெல்லாம் பயப்படாதவள் அதற்குப் பயந்துபோய், ஓரமாக நிறுத்தி, ஏதாவது திட்டுங்க என்றாள். பின் இருக்கையில் இயந்திரம் இருந்த பையை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து, விரல்கள் ஒத்துழைக்காமல் கோப்புப் பிரிவுக்கு மாறி, விருப்ப ஓய்வு பெற்றவள். இரவு ஒன்பது மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டாள். ஓய்வு பெற்றதும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அவருக்கு நாலு வருட வருத்தம் இருந்தது. சுவரைப் பிடித்தபடி, முழங்காலைத் தூக்கித் தூக்கி வந்து கதவைத் திறந்தாள்.

"என்னடா, லைசென்ஸப் புடுங்கிட்ட மாதிரி மூஞ்சி?"

அவர் சோபாவில் உட்கார்ந்தார். சொல்வதற்கு வார்த்தைகளை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். எதுவும் தேவைப்படவில்லை.

"அக்கா, நான் நாற்காலிக்கு வந்துட்டேன்."

அவள் படுக்கையறைக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பூப்போட்ட துணியால் எதையோ மூடி வைத்திருந்தாள். துணியை எடுத்தாள். காரில் இருந்ததைவிடச் சற்றுப் பழையது, கொஞ்சம் பெரியது, அதே குழாய், அதே முகமூடி.

"நாலு வருஷம் ரெண்டு மாசமா இதோடதான் படுக்கறேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் கணக்குத்தான் ஓடியது. ஐம்பத்தைந்தில் ஆரம்பித்திருக்கிறாள். பெண்களுக்கு நாற்காலி கிடையாது என்ற கணக்கு தப்பு. நாற்காலிக்கு வந்தவர்கள் போய்விடுவார்கள் என்ற கணக்கும் தப்பு. அப்புறம் அவளுடைய மூக்கு ஞாபகத்துக்கு வந்தது. மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு தடம் எப்போதும் இருக்கும். கேட்டதற்கு, கண்ணாடி இறுக்குகிறது என்றிருந்தாள். இவர் குறடு எடுத்து அந்தக் கண்ணாடியைத் தானே வளைத்து, தளர்த்திக் கொடுத்தார். அதிலிருந்து அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நாலு வருடமாக அதைப் பிடித்துப் பிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. "ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா, என்னை வெச்சு நீ நாள் எண்ணிட்டு உக்காந்திருப்ப. சரி, நீ ஏன் சொல்லல?"

வாசற்படியில் நின்ற மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நல்ல குடும்பம்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். சிரிப்பினாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. நேராகக் காருக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள்.

அக்கா அவருடைய முகமூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளிப்பை அவர் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். கிளிப் எல்லாம் விரல் இருக்கிறவர்களுக்கு என்றாள். ஒரு முறை யாரையாவது அளவாகப் போட்டுத் தரச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் கழற்றவே கூடாது. பனியன் போடுவதுபோலத் தலை வழியாக அப்படியே இறக்க வேண்டும். கழற்றும்போது பின்பக்கம் கட்டைவிரலை விட்டுத் தூக்க வேண்டும். அதற்காகத் தன்னுடைய பட்டையின் பின்னால் ஒரு துணி வளையம் தைத்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குக் கை நன்றாக இருக்கிறது என்றாள். மனைவி பட்டையை அளவு பார்த்துப் போட்டாள். முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், காற்று வாய்க்குள் புகும், பிடுங்கி எறியத் தோன்றும், எறியாதே என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். தான் இரண்டு முறை எறிந்ததையும் சொன்னாள்.

"எத்தன வருஷம் ஓடும் அக்கா?"

"மெஷினா, நீயா?"

அவர் குழாயை இழுத்து நேராக்கினார்.

"எனக்குத் தெரியாதுடா. நான் கேக்கறத விட்டுட்டேன். தலைவலி போச்சு, மாடி ஏற முடியுது. போன வருஷம் ரயில்ல இதத் தூக்கிட்டு மகன் வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். படு."

மதியம் மூன்று மணி இருக்கும். ஒரே ஒரு தலையணை. அவர் மல்லாந்து படுத்தார். நெஞ்சில் வந்து உட்காரப் போகிறவனுக்காக உடம்பு தானாக இறுகியது. அக்கா பொத்தானை அழுத்தினாள். காற்று வந்தது. அவர் இழுக்க நினைப்பதற்குச் சற்று முன்பே அது உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிர்த்தார், மூச்சு முட்டியது. கையை முகமூடிக்குக் கொண்டுபோனார். விட்டுக்கொடு என்றாள் அக்கா, அது ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார். அவர் கையை இறக்கினார். வயிறு மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி போனது. யாரும் வந்து உட்காரவில்லை. ஒன்றரை வருடமாகப் பார்க்காத உயரத்திலிருந்து ஜன்னலைப் பார்த்தார். வானம் மட்டும் தெரிந்தது, தெரு இல்லை. மனைவியும் அக்காவும் கதவை ஒருக்களித்துவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். பாத்திரம் வைக்கும் சத்தம், குழாய்த் தண்ணீர், தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு, நடுவில் ஒரு சிரிப்பு.

விழிப்பு வந்தபோது வெயில் சுவரின் வேறொரு பக்கத்தில் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. மூக்குக்கு மிக அருகில் சுவர் இருந்தது. சுண்ணாம்பில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. கன்னத்துக்கு அடியில் சொந்தக் கை மரத்துப்போயிருந்தது. குழாய் தோளுக்கு மேலாகப் பின்னால் போயிருந்தது. தூக்கத்தில் புரண்டிருக்கிறார். நான்கு தலையணைக் கோபுரத்தில் புரள முடியாது, சரிந்து விழத்தான் முடியும். நாற்காலியில் அப்பா ஒன்பது மாதம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போகலாமா என்று யோசித்தார். தலை வலிக்கவில்லை. குழாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அது சுற்றிக்கொள்ளாமல் பார்த்து, மெதுவாக மறுபக்கம் புரண்டு படுத்தார். அங்கே கட்டிலின் மீதிப் பாதி காலியாக, சுருக்கம் இல்லாமல், வெயில் விழுந்து கிடந்தது.