இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கணிதப் பேராசிரியர் முரோசுமியின் மார்பில் வைத்திருந்த புத்தகத்தை, இறுதிச்சடங்குக் கம்பெனி ஆள் இரண்டு கைகளாலும் சவப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தான்.

"மன்னிக்கணும்மா. அறுநூறு பக்கம். தடிப் புஸ்தகம் எரியாது. சாம்பல் எலும்போட ஒட்டிக்கும்."

பேராசிரியரின் மனைவி கினுவே ஒசாகா ஜவுளிக்காரர் மகள். கியோத்தோவில் நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தும், முடியாது என்ற சொல்லைப் பேச்சின் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

"எத்தனை எரியும்?"

"இருபது பக்கம்…"

"அறுபது."

"அம்மா, அடுப்பு என்னோடது இல்ல. முப்பது. அதுக்கு மேல கேக்காதீங்க."

"சரி, நாப்பது," என்று முடித்தாள் கினுவே.

பெட்டியை மூடக் கால் மணி நேரம் இருந்தது. எந்த நாற்பது என்று அவருடைய பழைய மாணவர்கள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். இருவருக்குமே வயது அறுபது தாண்டியிருந்தது.

"மூணாம் அத்தியாயம். சாரோட வளைபரப்புத் தேற்றம் அதுலதான் இருக்கு," என்றார் நெஸு.

"ரெண்டு இல்லாம மூணு எப்படிய்யா நிக்கும்?" என்றார் இவாகிரி.

"எழுதினவருக்கு ரெண்டு தெரியாதா?"

"அப்ப மூணு மட்டும் தெரியாதா?"

நெஸு இறங்கி வந்தார். "முன்னுரையை வெச்சுடலாம். சண்டை இல்ல."

"அது மட்டும் வேண்டாம்," என்றாள் கினுவே. "அதுல நாப்பத்திமூணு பேருக்கு நன்றி சொல்லியிருக்கார். மறந்துட்டு வந்த குடையை எடுத்து வெச்ச ஸ்டேஷன் மாஸ்டருக்குக்கூட."

இருவரும் தத்தம் காலுறையைப் பார்த்தார்கள்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று, தன் பெயரைத் தேடி அறுநூறு பக்கத்தையும் புரட்டியவள் அவள். ஒன்றும் புரியவில்லை, பெயரும் இல்லை. ஆனால் ஒரே மாதிரி வரி நான்கு இடத்தில் வந்தது. நான்காவதில் மட்டும் ஒரு கோடு கூடுதல். "துணியா இருந்தா திருப்பி அனுப்பியிருப்போம்," என்று அவரிடம் காட்டினாள். அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. வீட்டுப் பிரதி தையல் மெஷினின் ஆடும் காலுக்கு அடியில் போனது. இன்று வந்திருப்பது இவாகிரியின் பிரதி.

அதிலிருந்து ஒரு மஞ்சள் துண்டுத்தாள் விழுந்தது. கினுவே எடுத்தாள்.

'பிழைதிருத்தம். பக்கம் 212, வரி 9: கூட்டல் குறியைக் கழித்தல் குறியாகப் படிக்கவும். பிழையைக் கண்டவர்: முரோசுமி கினுவே.'

"புஸ்தகம் வாங்கின எல்லாருக்கும் சார் தபால்ல அனுப்பினாரேம்மா," என்றார் இவாகிரி. "உங்ககிட்ட சொல்லலியா?"

"அவரா? வீடு பத்தி எரிஞ்சாலும் நிரூபணம் எழுதி முடிச்சுட்டுத்தான் கூப்பிடுவார்."

கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு துண்டுத்தாள்னா தாராளமா வெக்கலாம்மா. பேரமே வேண்டாம்."

கினுவே அதை நான்காக மடித்து, கறுப்புக் கிமோனோவின் இடைப்பட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைக் கிழிச்சு வைங்க. அது போதும்."

"அதுல தப்பு இருக்கேம்மா!" நெஸு பதறினார். "திருத்தம் இல்லாமப் போனா, சார் அங்க உக்காந்து தலையைப் பிச்சுக்குவார்."

"பிச்சுக்கட்டும். நான் போற வரைக்கும் அவருக்குப் பொழுது போகணுமில்ல?"

பக்கத்தை வைத்தார்கள். கூட்டல் குறி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மூடி இறங்கும்போது, கினுவேயின் கை இடைப்பட்டையை விட்டு நகரவில்லை.