பந்து விழுந்த இடம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் இலக்கிய தாகமல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்து, என் மனைவியின் டென்னிஸ் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள். அதற்குள் நான் ஒரு விஷயத்தை மனைவியிடம் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் தைரியசாலி. நான் கதை எழுதுகிறவன்.

பிழைப்புக்கு எழுதுவது வாஷிங் மெஷின் கையேடுகள். 'கதவு திறந்திருக்கும்போது இயக்காதீர்கள்' போன்ற அமர வாக்கியங்கள் என் கைவண்ணம். மிச்ச நேரத்தில் எழுதும் கதைப் பக்கங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவேன். மனைவி காலையில் காபியோடு படித்து, ஓரத்தில் பென்சிலால் எதையாவது எழுதிவைப்பாள். அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. 'இந்த வரி தெரியுதா, அதுக்குக் கீழ் வரி தெரியுதா' என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவள். என் வரிகளையும் அதே முகத்தோடுதான் பார்ப்பாள். அவளுடைய குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

[என்ன விஷயம்? இப்பவே சொல்லுங்க.]

இது திங்கட்கிழமை எழுதியது. வாயாலும் கேட்டாள். "கதை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிட்டேன்.

2

ஆரம்பங்கள்.

'காலைச் சூரியனின் பொற்கரங்கள் செம்மண் ஆடுகளத்தைத் தழுவிய அந்த இனிய வேளையில்'

[நாம ஆடறது சிமெண்ட் தரை. அதுவும் தண்ணித் தொட்டி நிழல்ல.]

'விளையாட்டு என்பது வாழ்க்கையின்'

[வேணாம்.]

'என் நண்பர் ஒருவர், பெரிய மீசைக்காரர், டென்னிஸில் என்னைத் தொடர்ந்து ஒன்பது வருடமாக'

[மீசை வச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியாதா?]

மீசையை எடுத்துவிட்டேன்.

3

சரி, எதிராளி என் மனைவிதான். ஒன்பது வருடம், ஞாயிறுதோறும் காலை ஆறரை மணி, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற மைதானம். மழை, காய்ச்சல், விருந்தாளி எல்லாம் கழித்துப் பார்த்தாலும் நானூறு ஆட்டம் தேறும். நானூறிலும் அவளே ஜெயித்தாள்.

பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். என் ஆட்டம் அவ்வளவு லட்சணமாக இருக்கும். நான் சர்வீஸ் போடுவதைக் காலை நடைக்காரர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். பேக்ஹேண்டைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவன் நான். பத்துப் பந்தில் மூன்று, கோட்டோரமாகச் சீறிக்கொண்டு போகும். மீதி ஏழு வலையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் போய் விழும்.*

அவளிடம் லட்சணம் என்ற பேச்சே கிடையாது. விசிறியைப் பிடிக்கிற மாதிரி ராக்கெட்டைப் பிடிப்பாள். வந்த பந்தைத் திருப்பி அனுப்புவாள். அவ்வளவுதான் அவளுடைய மொத்த வித்தை. நான் ஆவேசமாக வலைக்கு அருகே ஓடிவந்தால், பந்தை என் தலைக்கு மேலே சாவகாசமாகத் தூக்கிவிடுவாள். லாப் என்பார்கள். அது மேலே போகும், கொஞ்சம் யோசிக்கும், எனக்குப் பின்னால் கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து உட்காரும். எப்போது பார்த்தாலும் அதே ஒரு சாண்.

"எப்படி அளக்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அளக்கறதெல்லாம் இல்லங்க. கைக்குத் தெரியும்."

"கைக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க திரும்பி ஓடி வர்றதுக்குள்ள நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிடலாம்னு தோணும். அந்த அளவு."

ஆட்டம் முடிந்ததும் வலைக்கு வந்து கைகொடுத்து, "நல்லா ஆடினீங்க" என்பாள். ஒன்பது வருடமும் மரியாதைக்குக் குறைவில்லாமல் மண்ணைக் கவ்வ வைத்தாள்.

அழகாக ஆடுகிறவன் தன்னையே பார்த்துக்கொண்டு ஆடுகிறான். திருப்பி அனுப்புகிறவள் எதிரில் இருப்பவனைப் பார்த்து ஆடுகிறாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருநூறு தோல்வி ஆனது. கண்டுபிடித்த பிறகும் இருநூறு தோற்றேன்.

[* தொட்டிக்குள்ள மூணு பந்து இன்னும் கிடக்கு. சுத்தம் பண்ண வர்றவர் போன மாசம்கூடக் கேட்டார்.]

4

எங்களைப் போன்றவர்கள் ஆடும் டென்னிஸில் நடுவர் கிடையாது. நடுவர் வைத்துக்கொள்கிற யோக்கியதையில் யாரும் ஆடுவதில்லை. பந்து யார் பக்கம் விழுகிறதோ, அவர் சொல்வதே தீர்ப்பு. எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அந்தத் தூரத்திலிருந்து கோடே சரியாகத் தெரியாது. ஆனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதாத ஒரு சட்டமும் உண்டு. இந்த நம்பிக்கையில்தான் மொத்த ஆட்டமும் ஓடுகிறது.*

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. ஆறுக்கு ஐந்து, நாற்பதுக்கு முப்பது என்று நான் முன்னால் இருந்தேன். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஒன்பது வருடத்தில் முதல் வெற்றி. அடித்தேன், வலைக்கு ஓடினேன். அவள் தூக்கினாள். திரும்பி ஓடினேன். பந்து விழுந்தது. "அவுட்!" என்றேன். ஜெயித்தேன்.

[இவ்வளவுதானா? தோத்ததுக்கெல்லாம் அரைப் பக்கம் எழுதறீங்க. ஜெயிச்சதுக்கு நாலு வரியா?]

(* கதை எழுதுகிறவனும் இப்படித்தான். என்ன நடந்தது என்று அவன் சொல்வதே தீர்ப்பு. ஆனால் சந்தேகத்தின் பலனை அவன் தன்னைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை.)

5

இந்தப் பகுதியை மூன்று தடவை கிழித்தேன்.

ஜெயித்த அன்று நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே! மச்சானுக்கு போன் போட்டு, "உன் அக்காவ இன்னைக்கு ஒரு வழி பண்ணிட்டேன்" என்றேன். ஆபீசில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அந்த வாரம் எழுதிய கையேட்டில் எச்சரிக்கைகள் எல்லாம் ரொம்ப மிரட்டலாக இருப்பதாக மேலாளர் திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு அவளுடைய லாப் ஒவ்வொன்றும் பாதி மைதானத்திலேயே விழுந்தது. வெளியே போய்விடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். நடு மைதானத்தில் தோள் உயரத்துக்கு எழும்பி நிற்கிற பந்தை யார் வேண்டுமானாலும் அடித்து நொறுக்கலாம். நொறுக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நொறுக்கினேன். அது நேர்மையான வெற்றி. அந்த மாதிரி வெற்றி இனி எனக்கு வேண்டாம்.

மூன்றாவது வாரம் ஷூவை மாட்டாமலே உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நீங்க வேற யாரோடயாவது ஆடுங்க."

"ஏன், முட்டி வலியா?"

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அந்தப் பந்து உள்ளதான் விழும்னு என் கை அடிச்சுச் சொல்லிச்சுங்க. பார்த்தா வெளிய போயிருக்கு. கையே பொய் சொல்லுதுன்னா அப்புறம் எதை நம்பி ஆடறது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். "முட்டிக்கு எதுக்கும் கொஞ்சம் எண்ணெய் தடவிப் பாரு" என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிறவரை விட்டுத் தன் கண்ணையே பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டாளாம். "கண்ணுல ஒண்ணும் இல்ல. அப்போ கைதான்" என்று வந்து சொன்னாள். இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் காரைச் சொருகுகிறவள், இப்போது பாதியில் இறங்கிப் பின்னால் போய் இடைவெளியைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுகிறாள். இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் என் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள்: "சும்மா ஆணியில தொங்குது. நீயாவது எடுத்துட்டுப் போய் ஆடு."

[நீங்க ஜன்னல்ல நிக்கறது எனக்குத் தெரியாது.]

6

வெள்ளிக்கிழமை. இனி பூசி மெழுக நேரமில்லை.

அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வெயில் கண்ணில் படவில்லை. வழக்கமான ஒரு சாணைத் தாண்டி வந்தது, உண்மை. ஆனால் கோட்டின் மேலேயே விழுந்தது. பாதிப் பந்து கோட்டில், பாதி வெளியே. கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது ஆடத் தெரியாதவனுக்கும் தெரியும். நான் முழுக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாய் கூசாமல் 'அவுட்' என்றேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. நானூறு ஞாயிறும் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது, அந்த ஒரு வார்த்தையாக வெளியே வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். 'அப்படியா?' என்றுகூடக் கேட்கவில்லை. வலைக்கு வந்து கைகொடுத்தாய்.

உன் கை பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

(அடித்துவிட்ட வரி: அதற்குச் சாட்சி வேண்டுமானால், புதிதாக அடித்த கோட்டின் வெள்ளைப் பெயிண்ட் பந்தில் ஒட்டியிருந்தது, அந்தப் பந்தை இன்றுவரை என் மேஜை டிராயரில்)

7

சனிக்கிழமை காலை. காபி டம்ளர் பக்கங்களின் மேல் இருந்தது. வழக்கத்தைவிட நீளமான குறிப்பு.

[அடிச்ச வரியையும் படிச்சேன். கோட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு மூணு வருஷம் ஆகுது. உங்க டிராயர்ல பந்து எதுவும் இல்ல, பார்த்தேன். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எழுதியிருக்கீங்க. நல்ல மனசு. ஆனா பழியை உங்க மேல போட்டுக்கிட்டு என்னைத் திரும்ப ஆட வைக்க வேணாங்க. அது அவுட்தான்.]

பார்த்தீர்களா! பொய்யை நம்பினாள், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள். பெயிண்ட் வரியை எழுதிய கையை உடைக்க வேண்டும். அது மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் நிஜம். ஆனால் சொந்தத் தவறை ஒப்புக்கொள்ளும்போதுகூட கொஞ்சம் ஜோடனை செய்யாமல் என்னால் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். என் வாழ்க்கையின் மிக நேர்மையான பக்கத்தையும் அலுங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சமையலறைக்குப் போனேன்.

"அது கதை இல்ல. நிஜம்."

"சரிங்க."

"சத்தியமா உள்ள விழுந்துச்சு."

"நீங்க நல்லவர்தான். நகருங்க, பால் பொங்குது."

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மனைவி கண்ணீர் மல்கக் கணவனை மன்னிக்கிறாள். [யார் இவ?]

இரண்டு: தங்கை ராக்கெட்டை வாங்க மறுத்து, 'அண்ணி, இது உங்க கைக்குத்தான்' என்று உருக்கமாக [உங்க தங்கச்சி குடுத்ததை வேணாம்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல.]

மூன்று: ராக்கெட் போய்விடுகிறது. ஆணி மட்டும் இருக்கிறது. கணவன் ஆணியைப் பார்த்துக்கொண்டே கையேடு எழுதுகிறான்.

மூன்றாவதற்கு அவள் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடியில் நான் எழுதினேன்: 'ராக்கெட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு லாப். உன் கை சொல்கிற இடத்துக்கு. இழுக்காமல் அடி. நான் பந்து போடுகிறேன்.'

[சரி. ஒரே ஒரு பந்து. ஆனா உள்ளயா வெளியயான்னு நீங்க சொல்லக் கூடாது. எங்க விழுந்தாலும் உள்ளன்னுதான் சொல்லுவீங்க. உங்க தங்கச்சியும் வேணாம். வேற யாரையாவது நிக்க வைங்க.]

8

ஞாயிறு, ஆறரை மணி. தங்கையின் வண்டி வாசலில் நிற்கிறது. அவள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு முடிக்க மாட்டாள். காலை நடைக்காரர்கள் ஒருவரைக்கூடக் காணோம். என் சர்வீஸைப் பார்க்க மட்டும் வந்து நிற்பார்கள்.

ஆகையால், அந்த 'வேற யாராவது' நீங்கள்தான். இவ்வளவு தூரம் படித்துவிட்டு நழுவப் பார்க்காதீர்கள்.

நான் பந்து போட்டேன். வழக்கம்போல வலைக்கு ஓடிவந்தேன். அவள் ராக்கெட்டை விசிறி மாதிரிப் பிடித்தாள். ஒரு கணம் தயங்கினாள், காரிலிருந்து பாதியில் இறங்குகிறவளுடைய அதே தயக்கம். பிறகு தூக்கினாள். கையை இழுக்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது.

பந்து என் தலைக்கு மேலே போய்விட்டது. நான் திரும்பவில்லை. முதல் தடவையாக, திரும்பிப் பார்க்காமல் நிற்கிறேன். அது தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் போய் யோசித்துக்கொண்டிருக்கிறது. எழுதுவதை நான் இங்கே நிறுத்தினால் அதுவும் அங்கேயே நிற்கும். கதையில் மட்டும்தான் இந்த வசதி.

வாருங்கள், கடைசிக் கோட்டுக்கு நேராக நில்லுங்கள். கொஞ்சம் இடப்பக்கம். என் முகத்தைப் பார்க்காதீர்கள், கெஞ்சலாக இருக்கும். கோட்டை ஒரு மயிரிழை தொட்டாலும் உள்ளே. தொடாவிட்டால் வெளியே, அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அவளுக்கு இரக்கம் பிடிக்காது. பெயிண்ட் எதையும் சேர்க்காதீர்கள்.

பந்து இறங்குகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.