வரைபடத்தில் ஏறிய நிழல்

காலையில் எழுந்து, பல் தேய்த்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, செத்துப்போன மனைவியின் நிழல் சுவரில் நடமாட வசதியாக ஓரமாய் நின்றுகொள்வது அந்த ஊர் வழிகாட்டியின் வழக்கம். ஆள் இல்லாத நிழல் கரண்டியால் கிளறும், நெற்றியைப் புறங்கையால் துடைக்கும். அவன் டம்ளரைக் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

ஊரில் காட்ட அதிகமில்லை. ஆறு கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போன பிறகும் கடமை தவறாமல் நிற்கும் ஒரு பாலம். வீரனை யாரோ பெயர்த்துக்கொண்டு போனதால் குதிரை மட்டும் மிஞ்சிய ஒரு சிலை. காவலாளியைத் தவிர பழைய பொருள் எதுவும் இல்லாத அருங்காட்சியகம். அதனால் நிழல் விஷயம் காதில் விழுந்ததும் சுற்றுலா அலுவலர் அதைப் பாலத்துக்கும் குதிரைக்கும் நடுவே வரைபடத்தில் சேர்த்துவிட்டார். துக்கம் கேட்க வந்த அன்றே யோசனையும் சொன்னார்.

"தம்பி, இறந்துட்டாங்கன்னு மொட்டையாச் சொன்னா யாரு ரசிப்பா? கடைசியா ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல? அதைக் கொஞ்சம் எடுப்பாச் சொல்லுங்க."

மறுத்துப் பேசத் தெம்பில்லாத வழிகாட்டி எடுப்பாகவே சொன்னான். புதுமணத் தம்பதிகள் வந்தால், அவள் அடுத்த பிறவிக்கும் அவனையே கேட்டுவிட்டுக் கண் மூடினாள். ஓய்வுபெற்றவர்கள் வந்தால், வாழ்க்கை நீர்க்குமிழி என்றாள். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒவ்வொரு பொய்க்கும் நிழல் கொஞ்சம் வெளுத்தது. முதலில் வளையல்கள் போயின, அப்புறம் பின்னல். அலுவலர் சுண்ணாம்பைக் குறை சொல்லி, ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் அனுப்பிவைத்தார். அதைவிட மோசம், அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது வழிகாட்டிக்கே மங்கத் தொடங்கியிருந்தது.

கரண்டி பிடித்த கை மட்டும் மிச்சமிருந்த ஒரு காலையில், பேருந்து நிறைய வந்தவர்கள் சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் நின்ற அம்மாள் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டு, "கடைசியா என்னப்பா சொன்னா?" என்றாள். வழிகாட்டி வாயைத் திறந்தான். கை கிளறுவதை நிறுத்தியது. அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் இறந்த அன்று, தான் பாலத்தைப் பற்றிய உரையை இங்கேயே நின்று ஒத்திகை பார்த்ததும், அவள் திரும்பாமலே ஏதோ கேட்டதும், பதில் சொல்வதற்குள் அவள் சரிந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவள் கேட்டதைக் கேட்டபடியே சொன்னான். அம்மாள் கைக்குட்டையை நனைக்காமலே மடித்து வைத்துக்கொண்டாள். இவ்வளவுதானா என்றார் பின்னால் ஒருவர். சுவரில் வளையல்கள் வந்தன, பின்னல் வந்தது, நிழல் விட்ட இடத்திலிருந்து கிளறியது.

அலுவலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அச்சடித்த வரைபடத்தை என்ன செய்வது? வழிகாட்டி இப்போது யார் வந்தாலும் அதையேதான் சொல்கிறான்:

"ஏங்க, பேசிட்டே இருக்கீங்களே, குக்கர் எத்தனை விசில் விட்டுச்சு?"