சனி, ஞாயிறு வண்டி

மேடையேறிய கருத்தம்மாள் முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். பின்னால் தொங்கிய ஆளுயரப் பேனரில், மடியில் ஏலக்காய்க் கூடையோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்த படமோ, யார் எடுத்ததோ, அவளுக்கே தெரியாது.

போடி கல்யாண மண்டபத்தில் மலைச்சாரல் சுற்றுலா வளர்ச்சிச் சங்கத்தின் ஆண்டு விழா. செயலாளர் யோகராஜ் அரை மணி நேரமாக மைக்கை விடவில்லை. ஒரு பயணி மலையேறினால் பத்து வீட்டில் அடுப்பெரிகிறது என்றார். இயற்கைக்கு நோகாத வளர்ச்சி, என்றைக்கும் நிலைக்கிற வளர்ச்சி என்றார். கைதட்டியவர்களில் பாதிப் பேர் ஜீப்பு முதலாளிகள், மீதிப் பேர் லாட்ஜு முதலாளிகள். அடுப்பெரிகிற வீட்டுக்கு ஒரு சாட்சி வேண்டுமே என்றுதான் கருத்தம்மாளை அழைத்திருந்தார்கள்.

அவள் வந்த காரணம் வேறு. அவளும் ராக்குவும் இன்னும் பத்துப் பெண்களும் விடியற்காலையில் ஒரே ஜீப்பில் போடிமெட்டு தாண்டிப் போய் ஏலக்காய் எடுப்பவர்கள். மூன்று மாதமாக அந்த ஜீப்பு சனி, ஞாயிறுகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. வேறு ஜீப்பில் இடமில்லை. வாரம் முழுக்க வர முடியாதவர்கள் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்று தோட்டத்துக் கங்காணி சொல்லிவிட்டான்.

"மேடையில வச்சுக் கேட்டுரு. நாலு பேரு முன்னாடி மாட்டேன்னா சொல்லிருவாக?" என்று ராக்குதான் அனுப்பிவைத்தாள். ஊர்க் கூட்டத்தின் நடுவில் நின்று ஒருத்தி கேட்டுவிட்டால், அவளை வெறுங்கையோடு அனுப்புவது அவர்கள் பக்கம் வழக்கமில்லை. சங்கத்தையும் அப்படி ஒரு கூட்டம் என்று நம்பிவிட்டார்கள், பாவிகள்.

மைக்கைக் கொடுத்ததும் கருத்தம்மாள் கும்பிட்டாள். "சனி, ஞாயிறும் எங்க வண்டி எங்களுக்கு வேணும்யா. அம்புட்டுத்தேன்."

யோகராஜுக்கு ஒரு பொட்டு வேர்க்கவில்லை. "கேட்டீங்களா! லீவே வேண்டாம், சனி, ஞாயிறும் மலைக்குப் போறேங்குது இந்த அக்கா! இந்த வாரத்துலருந்து சுற்றுலா ஜீப்புல முன்சீட்டு அக்காவுக்குத்தான். காய் எடுக்கிறத பயணிகளுக்குக் காட்டும். தோட்டத்துலயும் நாங்களே பேசிடுறோம், அக்கா வேலைக்கு நான் கேரண்டி!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பொன்னாடை போர்த்த வந்தவரிடம் அவள் மெல்லக் கேட்டாள். "மத்தவுக?"

"பேனர்ல இருக்கிறது ஒங்க மூஞ்சி மட்டுந்தானேக்கா" என்றார் அவர், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே.

வாசலில் காத்திருந்த ராக்குவிடம், "யோசிச்சுச் சொல்றாகளாம்டி" என்றாள் கருத்தம்மாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை மலையடிவாரத்து முந்தல் சாலையில், ஏதாவது ஒரு வண்டி ஏற்றிக்கொள்ளாதா என்று தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களைப் படமெடுக்க வேண்டும் என்று சுற்றுலா ஜீப்பின் பின்சீட்டிலிருந்த பயணிப் பெண் ஆசைப்பட, டிரைவர் முத்துக்கண்ணன் ஜீப்பை நிறுத்தினான். முன்சீட்டில் கருத்தம்மாளைப் பார்த்த ராக்குவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டு வாங்கிட்டாடி! வெரசா வாங்க!" ஓடிவந்து பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"பாவம், அவங்களும் வரட்டுமே" என்றாள் பின்சீட்டுப் பெண்.

"ஒரு ஆளுதான்னு சங்கத்துல சொல்லிருக்காக மேடம்." முத்துக்கண்ணன் கருத்தம்மாள் பக்கம் திரும்பினான். "யக்கா, நீ எறங்குனா அது ஏறிக்கிரட்டும். எனக்கு யாரா இருந்தா என்ன? நீயே சொல்லு."

கருத்தம்மாள் ராக்குவைப் பார்க்கவில்லை. மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. இறங்கினால் அந்த இடத்தில் ராக்கு உட்கார்ந்துவிடுவாள், நாளைக்குப் பேனரில் இவள் முகம் வந்துவிடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் எழுந்திருக்கவில்லை.

"போவோம் தம்பி."

ஜீப்பு நகர்ந்தது. ராக்கு கம்பியை விடாமல் கூடவே ஓடினாள். "ஏய், வெளையாடாதடி! நிறுத்தச் சொல்லு!" என்று சிரித்தாள். ஏற்றத்துக்கு முத்துக்கண்ணன் கியரை மாற்றினான். பின்சீட்டுப் பெண் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கருத்தம்மாள் குனிந்து, கம்பியைப் பற்றியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடத் தொடங்கினாள்.