செவலையின் தூங்காத கண்

எங்கள் நாய் செவலை ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்க ஆரம்பித்ததும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உச்சிவெயிலில் எங்கள் ஊர் பரளச்சிக் காடே ஆவியாக நெளியும். பருத்திக்கு நடுவே நிற்கிற வேம்படியில் அது படுத்திருக்கும். இடது கண் மூடியிருக்கும். வலது கண் மட்டும் பெரிதாக, ஈரமாக எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அதையே பார்த்தபடி உட்கார்ந்தால் எனக்கும் கண் சொக்கும். காடு, செடி, நான் எல்லாமே மிதப்பது போலிருக்கும்.

"நம்ம கருப்பசாமில்ல இதுக்குள்ள இருந்து காவ காக்கான்" என்றார் என் வீட்டுக்காரர் வீரணன். நான் மட்டும் என்ன யோக்கியம்? வெள்ளிக்கு வெள்ளி அதன் நெற்றியில் திருநீறு பூசினேன். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். பாவி நான்!

மூன்றாம் மாதம் கஞ்சி குடிக்க வாயைத் திறக்க முடியாமல் முனகியது. அன்றே ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா இரண்டு இமைமேலும் விரல் வைத்து மெல்ல அழுத்தினார். இடது கண் கொஞ்சம் உள்ளே அமுங்கியது. வலது கண் அசையவே இல்லை. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்.

"பின்னால கட்டி வளந்து கண்ண வெளிய தள்ளுது. இமை மூட முடியாம காஞ்சு, பார்வையும் போயிருச்சு. கண்ணோட சேத்து எடுத்தாத்தான் பொழைக்கும்."

வீரணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் கனகம். சாமி கண்ணு. எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது."

எனக்கு வந்ததே கோபம்! "மூணு மாசமா வலி பொறுத்துக் கெடந்தது சாமியாக்கும்? இந்த வாயில்லாச் சீவன்ல கெடந்துச்சு! குத்தம் வந்தா என் தலையில விடியட்டும். நீங்க எடுங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வெயிலில் அப்படியே அசந்துவிட்டேன் போல. பருத்திப் பூவெல்லாம் மஞ்சளாக மிதக்க, செவலை அதற்குள் சத்தமில்லாமல் நீந்திப் போனது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. எழுப்பியது டாக்டரம்மாவின் குரல்.

"கட்டி முழுசா வந்துருச்சு. பொழச்சுக்கிரும்."

உள்ளே ஓடினேன். தையல் போட்ட பக்கம் நான் நின்றதால் அதற்குத் தெரியவில்லை. மூக்கை நீட்டித் தேடியது. சுற்றிப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

ஒரு கடி கடித்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.