ஏழு 3:12

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. ஓர் அச்சகத்தில், மை காயாத தாளில் கிடைத்தது.

அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை ஊரை 'நெரவி' என்று போடுவதா, 'நிரவி' என்று போடுவதா என்று இரண்டு வீட்டுக்கும் தகராறு. அதைத் தீர்க்கப் போன டிசம்பரில் காரைக்காலுக்குப் போயிருந்தேன். அச்சக மேசையில் பெரிய தாள் ஒன்று விரிந்து கிடந்தது. பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ரோஜாப்பூ ஓரம். பன்னிரண்டு கட்டங்களில் வேத வசனங்கள். புத்தாண்டு வழிபாட்டில் தாம்பாளத்தில் வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அதுதான் அந்த ஆண்டுக்குக் கடவுள் தரும் வாக்குறுதி. வாக்குத்தத்தச் சீட்டு என்று பெயர்.

மீதி நாலு கட்டங்களில் ஒன்று இப்படி இருந்தது: "டிராகனுக்கு இன்று வயிறு சரியில்லை. தப்பித்து ஓடு."

"இது எந்த அதிகாரம்?" என்று அச்சகக்காரரிடம் கேட்டேன்.

"அது ஐயர் விளையாடுற சீட்டு சார். தாள்ல நாலு கட்டம் மிஞ்சுச்சு. வீணாக்க வேணாம், என்னோடதையும் போட்டுருங்கன்னாரு."

"ஐயரா?"

"சர்ச் ஐயரு சார்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அந்த நாலில் ஒன்று வழி தவறித் தாம்பாளத்துக்குப் போயிருந்தால்? பஸ் ஊர் எல்லையில் பூவத்தைத் தாண்டுவதற்குள் கதை பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிதான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் போதகர் எபனேசர் தமிழ்ச்செல்வன் தம் மூன்றாவது டிராகனைக் கொன்றார்."

(வாரப் பத்திரிகைக்குப் பழகிய கை. முதல் வரியிலேயே ஒரு பிணம் விழ வேண்டும் அதற்கு. வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் யோசித்து அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "காரைக்கால் கடற்கரையில் அலைகள் அன்று"

வேண்டாம். இந்த ஊரில் கதை நடந்தால் கடற்கரையில்தான் தொடங்க வேண்டும் என்று அரசாணை போட்ட மாதிரி எல்லோரும் எழுதுகிறோம். இந்தக் கதைக்கு வேண்டிய கடல் ஒரு மீன் பையில் வந்துவிடும்.

மூன்றாவது: "விசுவாசத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவே ஒரு மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்."

இது பொய். அவர் தவிக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தொல்லை.

3

எபனேசர் தமிழ்ச்செல்வனுக்கு நாற்பத்து நாலு வயது. சபையார் அவரை 'ஐயர்' என்கிறார்கள்.* காலையில் ஜெபம், பதினோரு மணிக்கு நோயாளிகளைப் பார்ப்பது, சனிக்கிழமை மாலை டிராகன். மூன்றையும் ஒரே முகத்தோடு செய்கிறவர். விண்வெளிக் கப்பல்களின் பெயர்களை அவரால் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயர்களைப் போலவே தடங்கலில்லாமல் சொல்ல முடியும். சித்திரக்கதைகளைத் திருமறை விளக்கநூல்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார். பின்னால் ஒளித்து அல்ல. ஒரு கல்யாணத்தில் அங்கிப் பையிலிருந்து மோதிரத்தை எடுக்கப் போய், இருபது முகமுள்ள நீலப் பகடை விழுந்து உருண்டது. பெண்ணின் மாமா அதைப் பொறுக்கி, "ஐயரே, உங்க ரத்தினக்கல்லு" என்று பயபக்தியோடு நீட்டினார்.

சபைக் கமிட்டியில் ஒருவர் கேட்டார்: "டிராகன் சாத்தானோட அடையாளம் இல்லீங்களா ஐயரே?"

"அதனாலதாங்க வாராவாரம் கொல்றேன்."

கமிட்டி சிரித்துவிட்டது. சிரித்த பிறகு கண்டிக்க முடியாது.

அவரே உண்டாக்கிய விளையாட்டு 'ஏழு தீவு'. அவர் கதை சொல்லுவார். ஆடுகிறவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறி, பகடை உருட்டி, சீட்டு எடுத்து, தீவு தீவாகக் கடப்பார்கள். கூட்டாளிகள் இரண்டே பேர்: செல்போன் பழுது பார்க்கும் நசீம், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் கீர்த்திகா. நசீம் வாள்வீரன். கீர்த்திகா மந்திரக்காரி. போதகர்தான் டிராகன்.

* இந்த இடத்தில் உதவி ஆசிரியர் எப்படியும் பேனா வைப்பார். சில பழைய சபைகளில் போதகரை ஐயர் என்பதும் அவர் மனைவியை ஐயரம்மா என்பதும் வழக்கம். தயவுசெய்து திருத்த வேண்டாம்.

4

புத்தாண்டுக் காலையில் தாம்பாளத்துக்குப் போன சீட்டு இது:

"ஒரு சுற்று பொறுத்திரு. இப்போது கத்தியை எடுத்தால் தோல்வி உனக்கே. – ஏழு 3:12"

ஏழு தீவு, மூன்றாம் தீவு, பன்னிரண்டாம் சீட்டு. வெட்டி அடுக்கிய கட்டிலிருந்து போதகர் விளையாட்டுச் சீட்டுகளைப் பொறுக்கி எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே ரோஜா ஓரம், ஒன்று தப்பிவிட்டது.

அது பட்டினச்சேரி அமிர்தத்தின் கைக்குப் போனது.

அமிர்தம் சபையைச் சேர்ந்தவள் இல்லை. மீன் விற்கிறவள். வீட்டுக்காரர் உத்திராபதி விசைப்படகில் போனால் ஒரு வாரம், பத்து நாள். பக்கத்து வீட்டு அஞ்சுகம் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் கூப்பிடுவதால் அமிர்தம் புத்தாண்டுக்கு மட்டும் கூட வந்து ஒரு சீட்டு எடுப்பாள்.

அடுத்த சனிக்கிழமை, போதகர் வீட்டில், மூன்றாம் தீவுச் சண்டை உச்சத்தில் இருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"ஃபாதர், இருக்கீங்களா?"

(அவளுக்கு எல்லாச் சாமியாரும் ஃபாதர்தான். போதகர் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.)

கையில் மீன் பை. "கொடுவா. ஐஸ் படாதது. பிடிங்க."

"எதுக்கும்மா இது?"

"உங்க சாமி பேசிட்டாருல்ல, அதுக்கு." சுருக்குப் பையிலிருந்து சீட்டை எடுத்தாள். பார்க்காமலே ஒப்பித்தாள். "வர்ற வெள்ளிக்கெழம எனக்கு ஆப்பரேசன் தேதி. கர்ப்பப்பையில கட்டி. எடுத்தே ஆவணும், ரத்தம் கொறஞ்சிகிட்டே போவுதுன்னு டாக்டரம்மா ஒரே பிடியா நிக்கிது. கத்திய எடுக்காதன்னு சீட்டுல தெளிவா வந்துடிச்சி பாருங்க. ஒரு சுத்து பொறுக்கணுமாம். வருசம் ஒரு சுத்து வரட்டும். திங்கக்கெழம போயி வேணாம்னு சொல்லிடப் போறேன்."

நசீமின் கையிலிருந்த பகடை கையிலேயே நின்றது.

போதகர் மெதுவாகக் கேட்டார். "கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

"ஏழு மூணு பன்னெண்டு. அஞ்சுகம் அவ புஸ்தகம் பூரா தேடினா. காணும். அப்பறம் அவளே சொன்னா, ஆர்.சி.காரவுங்க புஸ்தகத்துல ஏழு பாகம் கூட இருக்குதாம். அதுலேருந்து எடுத்துப் போட்டிருப்பாருன்னு."†

† கத்தோலிக்கர்களின் வேதத்தில் ஏழு நூல்கள் கூடுதலாக இருப்பது உண்மை. தெருவுக்கு ஒரு மாதாவும் சந்துக்கு ஒரு சபையும் உள்ள ஊரில் அஞ்சுகத்துக்கு இது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. ஆராய்ச்சி சரி. முடிவுதான் தப்பு.

5

போதகர் மீனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னார். நசீம் பின்னாலேயே வந்தான்.

"பாஸ்டரே, நாலாவது தீவுல ஒரு சீட்டு இருக்கு. 'தயங்காதே, கத்தியை எடு.' அதே பூ, அதே தாளு. போன சீட்டு தப்பா வந்துடுச்சு, இதுதான் உங்களோடதுன்னு குடுத்துருங்க. வெள்ளிக்கிழமை போய்ப் படுத்துப்பாங்க. அவங்களும் பொழைச்சாங்க, நீங்களும் பொழைச்சீங்க."

"கடவுள் சொன்னாருன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

"நல்லதுக்குத்தானே?"

போதகர் குழாயைத் திறந்து, செம்பு நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நசீம் சொன்னது வேலைக்கு ஆகும். உண்மையைச் சொன்னால் ஆகாமலும் போகலாம். ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தில் அவள் ஆஸ்பத்திரியையே வெறுத்துவிடலாம். இருபத்தொரு ஆண்டு ஊழியத்தில் முதல் முறையாக அவருக்கு அந்த ரோஜா ஓரத்தைப் பிடிக்கவில்லை.

(அவர் தவித்தார். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. பேனாவை மூடிவிட்டு ஒரு காபி குடித்தேன். செம்பு வழிந்துகொண்டேயிருந்தது.)

6

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் வரைவில் அமிர்தம் ஏமாளி. சீட்டில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறாள்; போதகர் உண்மையைச் சொன்னதும் "ஐயோ" என்று வாயைப் பொத்துகிறாள். எழுத வசதியாக இருந்தது.

ஆனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமலே எந்த மீன் எந்த நாள் மீன் என்று சொல்கிறவள், ஒரு துண்டுச் சீட்டிடம் ஏமாறுவாளா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, போதகரை உண்மையைச் சொல்ல விட்டேன். அவளை அவள் போக்கில் பேச விட்டேன்.

7

"அம்மா, அது கடவுள் வாக்கு இல்ல. நான் எழுதினது. இந்த விளையாட்டுக்கு. இதோ பாருங்க, மீதிச் சீட்டெல்லாம் இங்க இருக்கு. தவறுதலா தட்டுல கலந்துடுச்சு. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க."

அமிர்தம் மேசையைப் பார்த்தாள். சீட்டுகளை, பகடையை, விரல் அளவில், சிவப்பு நகப்பூச்சு தடவிய டிராகன் பொம்மையை.

"நீங்க... வெளையாடுவீங்களா?"

"ஆமா."

"இந்த வயசுல?"

"ஆமா."

"ஐயரம்மா ஒண்ணும் சொல்றதில்லயா?"

"பொம்மைக்கு சாயம் பூசினதே அவங்கதான்" என்றாள் கீர்த்திகா.

அமிர்தம் சிரிக்கப் போய் நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு மொதல்ல வந்தது வேற சீட்டு, ஃபாதர். பயப்படாதேன்னு வந்துச்சு. அஞ்சுகம்தான் படிச்சிக் காட்டினா. பயந்து செத்துகிட்டு இருக்கறவகிட்ட பயப்படாதன்னா அவ என்னா பண்ணுவா? யாரும் பாக்கறத்துக்குள்ள திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்தேன். இது வந்துச்சு. இது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

போதகர், கேட்க வேண்டியதை இத்தனை நாள் கேட்காமல் விட்டவர் போல, "எதுக்கும்மா பயம்?" என்றார்.

"அவரு கடல்ல. மவ துபாய்ல. மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சிருவாங்க. முழிக்கறப்ப பக்கத்துல எவளோ ஒரு நர்சு நிப்பா. அஞ்சுகத்துக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம், அவள நான் பாக்கணும்." கொஞ்ச நேரம் பகடையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆமா, ஒரு சுத்துன்னா உங்க ஆட்டத்துல எவ்வளவு நாளு?"

நசீம் சொன்னான்: "எல்லாரும் ஒரு தடவ உருட்டி முடிக்கிறதுதாங்க சுத்து. அஞ்சு நிமிசம் ஆவும்."

"அஞ்சு நிமிசமா! நான் ஒரு வருசம்னுல்ல நெனச்சிகிட்டேன்." இப்போது நிஜமாகவே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தண்ணீர் மட்டும் வந்தது.

"வெள்ளிக்கிழமை நான் வந்து கூட இருக்கேன்" என்றார் போதகர்.

"நீங்களா? வேணவே வேணாம். கட்டில் பக்கத்துல வெள்ளை அங்கி போட்ட ஆளு நின்னா, நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு எல்லாரும் ஒப்பாரி வச்சிடுவாங்க." கீர்த்திகாவைப் பார்த்தாள். "பாப்பா, நீ வர்றியா?"

"லீவு சொல்லிட்டு வர்றேங்க."

"நான் அங்கி இல்லாம வந்தா?" என்றார் போதகர்.

"வெளிய நில்லுங்க. உள்ள வரக்கூடாது."

8

முடிவுகள்.

(அ) கட்டி எடுக்கப்படுகிறது. அமிர்தம் பொங்கலுக்குப் பிறகு சனிக்கிழமை ஆட்டத்தில் சேர்ந்து டிராகனை மீன் பேரம் பேசுவது போலப் பேசியே விரட்டுகிறாள். வாசகர் கடிதங்கள் வரும். ஆனால் நான் எழுதிய ஓர் ஆயிரம் முடிவுகளைப் போலவே இருக்கிறது.

(ஆ) திங்கட்கிழமை அவள் மனம் மாறி

இல்லை. இதை என்னால் எழுத முடியவில்லை.

(இ) போதகர் ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தின் முன் நின்று நடந்ததைச் சொல்கிறார். கமிட்டி இந்த முறை சிரிக்கவில்லை. இனிச் சீட்டு அச்சடிக்கும் வேலை வேறொருவருக்கு என்று முடிவு செய்கிறது. சரி என்கிறார். இது நடந்தது. ஆனால் இது முடிவு இல்லை.

எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் வரைதான். ஆஸ்பத்திரி வராண்டா. கீர்த்திகா அமிர்தத்தின் சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருக்கிறாள். போதகர் அவள் சொன்னபடியே வெளியே, படிக்குக் கீழே, ராக்கெட் படம் போட்ட டி-ஷர்ட்டில் நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போன் பேசுகிறார் என்று நினைத்து, "இங்க பேசக்கூடாது சார், அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க" என்கிறார் காவலாளி. போதகர் ரெண்டடி தள்ளிப்போய்த் தொடர்கிறார்.

உள்ளே ஒரு கதவு திறக்கிறது. பச்சை உடுப்பில் நர்ஸ். முகமூடியைக் கீழே இறக்காமலே வராண்டாவைப் பார்க்கிறாள். அவள் கண்களில் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

"அமிர்தம் கூட வந்தவங்க யாரு?"

கீர்த்திகா எழுந்திருக்கிறாள். போதகர் படியேறுகிறார். அச்சக மேசையிலிருந்து இதுவரை படித்துக்கொண்டு வந்த நீங்களும் கூட வந்தவர்தான். எழுந்திருங்கள். நான் பெஞ்சிலேயே இருக்கிறேன். போய், நர்ஸ் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.