உறவுமுறை: பெரியம்மா

தவறு எந்த இடத்தில் நடந்தது என்று முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, குடும்ப ஓய்வூதியப் பிரிவில் என் மேசைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் குடிநீர் வாரியத்தில் ஃபிட்டர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். குடும்ப விவரப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

"வீட்டுல யார் யாரு இருக்கீங்க?"

"நான், பாப்பா, அப்புறம் பாப்பாவுக்குப் பெரியம்மா."

பாப்பாவுக்குப் பதினான்கு வயது. பெரியம்மாவுக்கு நேரே, உறவுமுறைக் கட்டத்தில், 'மனைவியின் தமக்கை' என்று எழுதினேன். என் அம்மாவின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற எனக்கு, சந்தேகம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

இறந்தவருக்கு வேறு மனைவி இல்லை என்று, உடன் வசிக்கும் உறவினர் ஒருவர் உறுதிமொழி தர வேண்டும். அந்தத் தாளைப் பெரியம்மாவின் பெயருக்கே அனுப்பிவைத்தேன்.

இன்று அவரே அதை எடுத்துக்கொண்டு வந்தார். தையல் வேலை செய்கிறவர். கழற்ற மறந்த அளவு நாடா கழுத்தில் தொங்கியது. கூட வந்த இளையவர், செவ்வாயன்று வந்த அதே பெண், சுவரோரப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

"ஏங்க?"

"அவருக்கு வேற சம்சாரம் இல்லைன்னு போட்டிருக்கு. அப்ப நான் யாரு?"

பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். கையில் கிடைத்த தாளுக்கெல்லாம் முத்திரை குத்துவதால் எங்களுக்கு அவர் 'சீல்' அண்ணன்.

"ஏம்மா, சம்சாரம்னு ஏற்கெனவே ஒருத்தங்க எழுதிக் குடுத்துட்டாங்களே?"

"அவளும்தான் சார். சம்சாரம் ரெண்டு, வீடு ஒண்ணு. மனுஷன் வாடகைய மிச்சம் புடிச்சாரு."

அண்ணன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது.

"பெரியம்மான்னு சொன்னாங்களேங்க..."

"பின்னே பாப்பா என்னை எப்படிக் கூப்பிடும்? பெரிய அம்மா. பிரிச்சுப் படிச்சுப் பாரு."

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "நான் மறைக்கலைக்கா. இவங்க கேக்கலை."

உண்மை. நான் கேட்கவில்லை.

எங்கள் விதியைச் சொன்னேன். முதல் திருமணம் ரத்தாகாதவரை ஓய்வூதியம் முதல் மனைவிக்கு. இரண்டாமவருக்குக் கிடையாது, அவர் பெற்ற பிள்ளைக்குப் பங்கு உண்டு.

மூத்தவர் நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினார். "நான் பெரியம்மாவாவே இருந்துட்டா, அவளுக்கே வருமா?"

"அதுக்கு நீங்க பொய்க் கையெழுத்துப் போடணும்ங்க."

நாடாவை முழுவதும் சுற்றி முடித்தார்.

"முப்பது வருஷம் பொண்டாட்டியா இருந்தேன். இல்லைன்னு என் கையாலயே எழுதித் தரமாட்டேன். சோறு எப்பவும் போல ஒரே அடுப்புலதான். வேற தாளு எடு."

எடுத்தேன். பழைய தாளின் மேல் 'பிழை என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "தப்பை இவ்வளவு அழகாவா எழுதுவாங்க?" இந்த முறை முத்திரையைக் கையில் எடுக்கவில்லை.

புதிய தாளில் மனைவி என்ற இடத்தில் மூத்தவர். மகள் என்ற இடத்தில் பாப்பா. அவள் சிறுமி என்பதால், காப்பாளர் கட்டத்தில் இளையவர். அவர் எழுந்து வந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"என்னை அவருக்கு யாருன்னு போட்டிருக்கீங்க?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பேனாவை மூடித் திறந்தேன். அதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"பாப்பாவுக்கு அம்மா," என்று படித்தார். விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை.

மூத்தவர் என் பேனாவை வாங்கி இளையவர் கையில் கொடுத்தார்.

"போடுடி. அதுவும் பொய்யில்லையே."